வலது கை, நான்காவது ஷாட்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். தொலைபேசியில் பேசும்போது அம்மா பக்கத்தில் இருக்கிறாள். குறுஞ்செய்தி அனுப்பினால் வார்டுக்கு ஓடும் அவசரத்தில் படிப்பாய். இதை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சென்ற மாதம் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். மருத்துவர் ஒருவர் எங்கள் இருவரிடமும் சொன்னவற்றை உன் மருத்துவ மேற்படிப்பு முடியும்வரை உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அந்த வாக்கு. அதை மீற மாட்டேன். அவர் சொன்ன ஒரு சொல்லும் இக்கடிதத்தில் இராது. ஆனால் என் கண்ணால் பார்த்து நான் குறித்துக்கொண்டவை என் தொழிலைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றி யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

ஒரு ஷாட்டில் வலக்கையில் இருந்த கோப்பை அடுத்த ஷாட்டில் இடக்கைக்குப் போய்விடாமல் தாளில் குறித்து வைத்துக் காவல் காப்பதுதான் இருபத்தாறு ஆண்டுகளாக என் வேலை. யூனிட்டில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். "நம்ம கல்யாண ஃபோட்டோவுலயே என் வாட்ச் கை மாறியிருக்குன்னு கண்டுபிடிச்ச மனுஷன்" என்று உன் அம்மா சொல்லிச் சிரிப்பதும் உனக்குத் தெரியும். அந்தக் கண்டுபிடிப்பில் பிழை இல்லை. வாட்ச் மாறித்தான் இருந்தது.

இரண்டு மாதங்களுக்கு முன், அம்மா நடிக்கும் புதிய படத்தில், விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் காட்சி. முதல் மூன்று ஷாட்டுகள் தூரத்திலிருந்து எடுத்தவை. மூன்றிலும் கெட்டில் அவள் வலக்கையில் இருந்தது. தூரத்தில் வேறெதுவும் தெரியவில்லை. நான்காவது நெருக்கத்தில். அவள் கெட்டிலை இடக்கையால் எடுத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வழக்கப்படி கையை உயர்த்தி, "மேடம், வலது கை" என்றேன். தளத்தில் நானும் அவளை மற்றவர்களைப் போல மேடம் என்றுதான் அழைப்பேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தத் தாளில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கெட்டிலை வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். கேமரா ஓடியது. கெட்டிலின் மூக்கு கோப்பையின் விளிம்பில் மோதி மோதிச் சத்தம் எழுப்பியது. தேநீர் பாதி தட்டில் விழுந்தது. கட் சொன்ன இயக்குநர் ஓடிவந்து, "என்ன ஒரு நடுக்கம்மா! நான் கேட்கக்கூட இல்லையே, எங்கேருந்து பிடிச்சீங்க?" என்றார். லைட் ஆட்கள் கை தட்டினார்கள். அவள் வழக்கம்போல் தலை குனிந்து நன்றி சொன்னாள்.

நான் தாளில் எழுதினேன்: நான்காவது ஷாட், வலது கை, நடுக்கம். எழுதிய பிறகுதான் நான் செய்திருப்பது உறைத்தது. தாளில் ஏறிவிட்டது என்றால் படம் முழுவதும் அது தொடர வேண்டும். அவள் மறைத்து வைத்திருந்ததை ஊர் பார்க்கும்படி செய்துவிட்டு, அதையே விதியாகவும் ஆக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது காரில் அவள்தான் முதலில் பேசினாள்.

"எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன்.

"அப்ப சரி. இனி எல்லா சீன்லயும் நடுங்கணும். கவலையே இல்ல, ஒரே டேக்ல ஓகே ஆயிடும்" என்றாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மறுநாள்தான் மருத்துவரிடம் போகத் தொடங்கினோம்.

அதற்குப் பிறகு நான் கவனித்தவற்றையும் எழுதுகிறேன். நடக்கும்போது அவளுடைய இடக்கை வீசுகிறது. வலக்கை உடம்போடு ஒட்டி நிற்கிறது. ரசிகர்களுக்குப் போடும் கையெழுத்து சுருங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படத்தின் பின்புறம் இருப்பதையும் சென்ற வாரம் போட்டதையும் அளந்து பார்த்தேன், பாதிக்கும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் "என்னம்மா, எப்பப் பார்த்தாலும் மூஞ்சி மட்டும் தெரியுது?" என்று நீ கேட்டாயே, அந்த ஃபிரேமை வைப்பது அவள்தான். வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உன்னோடு சிரித்துப் பேசுகிறாள். நீ படிக்கும் படிப்புக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

இனி நாடகச் செய்தி. அம்மாவின் பழைய நாடகக் குழுவின் முப்பதாம் ஆண்டுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். அம்மாவின் கலை வாழ்வைப் பட்டியலிட்டுத் தரும்படி என்னைக் கேட்டார்கள். பத்தொன்பது நாடகங்கள், நாற்பத்து மூன்று படங்கள், தேசிய அளவில் இரண்டு விருதுகள் என்று தேதி வாரியாக எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கங்கள் வந்தன. கொட்டகையில் மின்விசிறி இல்லாத ஒப்பனை அறையில் காய்ச்சலோடு உட்கார்ந்து வசனம் சொல்லிப் பார்த்ததும், முதல் படத்தில் "இந்த முகம் திரைக்கு ஆகாது" என்று ஒருவர் சொன்னதும், நீ பிறந்த நாற்பதாம் நாள் மேடையேறி, இடைவேளையில் உனக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறியதும் பட்டியலில் இடம்பெறாதவை.

மலரோடு அவளுடைய முதல் நாடகத்தையும் மறுபடி போடுகிறார்கள். அவள் பேர் வாங்கிய அந்தக் காட்சியை நீ பார்த்ததில்லை. மகள் வீட்டை விட்டுத் தூரதேசம் போகப் போகிறாள். அவள் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருக்கிறது. தாய் ஊசியில் நூல் கோத்து, பொத்தானைத் தைத்துக் கொடுக்கிறாள். வசனம் கிடையாது, இசையும் கிடையாது. உண்மையான ஊசி, உண்மையான நூல். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, தாய் வேடம். எனக்கு இருபது, கல்லூரி மாணவன், மேடைப் பொருள்களின் பொறுப்பு. அந்த ஊசியை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். நூல் ஊசிக்குள் போகும் வரை அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. போனதும் முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டு "அப்பாடா" என்றார்.

இப்போது அந்தக் காட்சியை மாற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்று வாழ்ந்த நானே அப்படிச் சொன்னேன். ஏற்கெனவே நூல் கோத்த ஊசியை வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

தினமும் காலை ஆறு மணிக்குச் சமையலறை மேசையில் பயிற்சி. நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். எண்ணக் கூடாது என்பது அவள் உத்தரவு, மனத்துக்குள் எண்ணுகிறேன். சில நாள் ஆறாவது முயற்சியில் கோத்துவிடுகிறாள். சில நாள் நூலைக் கீழே வைத்துவிட்டு, "தோசைக்கல்லைப் பத்த வைங்க, பசிக்குது" என்கிறாள்.

பயிற்சிக்கு ஒரு சட்டை வேண்டியிருந்தது. உன் அலமாரியைத் திறந்து, நீ கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையை எடுத்துக்கொண்டாள். தினமும் மூன்றாவது பொத்தானை அறுத்து, தினமும் தைக்கிறாள். அந்த இடத்தில் துணி நைந்துவிட்டது. வேறு சட்டை வாங்கலாம் என்றேன். "அவ போட்டுக்கிட்டது இருந்தாத்தான் கை நிக்குது" என்றாள். அப்படியே எழுதியிருக்கிறேன், என் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் விமான நிலையத்தில் நடந்ததைப் பற்றியும் எழுதியாக வேண்டும். படப்பிடிப்பிலிருந்து மேக்கப்பைக் கலைக்காமல் ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். "இங்கயும் நடிக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய். அதன்பின் இந்த வீட்டுக்கு வரவில்லை. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. உன் பிறந்தநாள்களில் எத்தனைக்கு அவள் வீட்டில் இருந்தாள் என்ற கணக்கும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சாட்சியம் என்னிடம் இருக்கிறது. கேமரா முன் அழும்போது அவள் மூக்கைத் தொட மாட்டாள். நாற்பத்து மூன்று படங்களிலும் தொட்டதில்லை. மேக்கப் கலையும் என்பது முதல் படத்திலேயே கற்ற பாடம். அன்று விமான நிலையத்தில் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே நின்றாள். மேக்கப் முழுவதும் கையில் இறங்கிவிட்டது. அவள் நடிக்கவில்லை, மகளே. ஞாயிற்றுக்கிழமைகளில் சௌக்கியமாக இருப்பதாகச் சொல்கிறாளே, அதுதான் நடிப்பு.

நாடகம் அடுத்த மாதம் பதினான்காம் தேதி, மாலை ஆறரை மணிக்கு. ஒரே ஒரு நாள்தான் போடுகிறார்கள். மேடையில் கட் கிடையாது, இன்னொரு டேக் கிடையாது, என் தாளுக்கும் வேலை கிடையாது. நூல் ஊசிக்குள் போகுமா போகாதா என்று எனக்குத் தெரியாது. போகாவிட்டால் திரையை இறக்கச் சொல்ல மாட்டாள், போகும் வரை நிற்பாள் என்பது மட்டும் தெரியும். மூன்றாவது வரிசையில் வலப்பக்க ஓர இருக்கை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அவள் கை தெரியும். அவள் நிமிர்ந்தால் அந்த இருக்கை தெரியும். உன்னை வரச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நீ வராவிட்டால் அந்த இருக்கை காலியாக இருந்தது என்பதை நான் எங்கும் எழுத மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண் விழித்துப் படிக்காதே. எல்லா நலமும் பெற்று, உன் கைகள் என்றும் உறுதியாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். வரும்போது பெட்டியில் துணி குறைவாக எடுத்து வா. நீலச் சட்டை இங்கே இருக்கிறது, பொத்தான் தைத்தபடி.

உன் வரவை எதிர்நோக்கும்,
அப்பா