இரண்டு விரல் முட்டி தெரியணும்

மச்சான்,

நேற்று காலை பெக்கோக் ரயிலடியில் என் மானம் கொஞ்சம் போனது. வண்டி வர நேரமாகும் என்றார்கள். பனி கலையவில்லை. என்னை அறியாமலே குடையைத் தலைகீழாகப் பிடித்து, காலை அகட்டி நின்று வீசியிருக்கிறேன். பாதி வீச்சில் குடை விரிந்துகொண்டது. பலகாரக் கூடையோடு நின்ற மலாய்க்கார அம்மாள் "அலமாக்!" என்று துள்ளி நகர்ந்தார்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க, மடக்குங்க!" என்றாள் மகள். மடக்கினேன். ஆனால் கை அதே பிடியில்தான் இருந்தது. நீ கொடுத்த பிடி.

அந்தப் பனிக்குள்ளேயே நம் கிளப்புத் திடலும் வந்துவிட்டது. துரைமார் ஞாயிறுதோறும் கோல்ஃப் பந்தடிக்கும் திடல், சுற்றிலும் ரப்பர் மரம். நீ துரையின் குச்சிப் பையைச் சுமந்தாய். நான் புல் வெட்டினேன். விடிகாலையில் நீ நடந்தால் ஆள் தெரியாது. பை மட்டும் தானாக மிதந்து போகும்.

அந்த வருடம் திடலைப் பார்த்துக்கொள்ளும் வேலை காலியானது. வேலையைவிட, அதோடு வரும் மேட்டு வீடுதான் என் கனவு. சதுப்போரத்துக் கூலி லயத்தில் என் மனைவி குளிர்ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்கும் தொடங்கியிருந்தது; இப்போது என்னை அதட்டுகிறாளே, அவளுக்குத்தான். "மேட்டுக்குக் கொண்டுபோ. இங்க இருந்தா புள்ள தாங்காது" என்று மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர் சொல்லிவிட்டார். வேலையைக் கேட்டவர்கள் நீயும் நானும். துரைக்கு விளையாட்டுப் புத்தி. "ஆளுக்கு ஒரு பந்து. யாருது கொடி கிட்டே போகுது, அவனுக்கு வேலை" என்றார்.

எனக்கோ புல்வெட்டுக் கத்தியை வீசிப் பழகிய கை. வீச்சின் முடிவில் கத்தி சொந்தக் காலைப் பதம் பார்க்காதபடி மணிக்கட்டைச் சட்டென்று உருட்டுவோம் அல்லவா, குச்சியிலும் அதையே செய்தேன். பந்து தவறாமல் இடப்பக்கத்து ரப்பர் காட்டுக்குள் ஓடியது. எதிராளி நான்தான் என்று தெரிந்தும், மூன்று விடியல் நீயே என்னை நிறுத்திவைத்துப் பழக்கினாய்.

"மாப்ளே, எடது கைய மேல வச்சுக் குனிஞ்சு பாரு. ரெண்டு வெரல் முட்டிதான் தெரியணும். நாலும் தெரிஞ்சா பந்து காட்டுக்குத்தான்லா."

"மணிக்கட்டு?"

"பொறங்கையும் முன்கையும் ஒரே பலகையா நிக்கட்டும். உருட்டாத. இங்க உன் கால யாரும் வெட்ட வரல."

"இறுக்கிப் புடிக்கட்டா?"

"ஏன், குச்சி ஓடிப்போயிடுமா? தங்கச்சி ஜொரத்துல கெடக்கறப்ப கையப் புடிப்பியே, அது போதும்."

போட்டியன்று முதலில் நான். வீசியதே நினைவில்லை. பந்து பனியில் கரைந்தது. எங்கோ "பொத்" என்ற சத்தம். போய்ப் பார்த்தால் கொடிக்கு இரண்டு ஆள் நீளத்தில் கிடந்தது. என் ஆயுளிலேயே நேராகப் போன ஒரே பந்து.

பிறகு நீ. துரை இல்லாத வேளைகளில் அந்தக் கொடியருகே பந்தை அடித்து அடித்து வரிசையாக அடுக்கியவன். கொடியைப் பார்த்தாய். மேட்டு வீட்டைப் பார்த்தாய். உன் இடது கை குச்சியின் மேல் மெல்லப் புரண்டது. நாலு முட்டியும் தெரிந்தன.

பந்து ரப்பர் காட்டுக்குள் போனது.

"என்ன மச்சான், புல்லு வெட்டுறியா?" என்று முதலில் சிரித்தவன் நான். துரை சிரித்தார். நீயும் சிரித்தாய்.

மறுநாள் எங்கள் தட்டுமுட்டுச் சாமானை நீயே பாதி சுமந்து வந்தாய். வாசலில் நின்று, "நல்லா காத்து வருது மாப்ளே" என்று மூச்சை இழுத்துவிட்டு, லயத்துக்கு இறங்கிப் போனாய். இரண்டு மழைக்காலம் கழித்து அதே ஜுரம் உன்னைப் பிடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து, துரையின் தொப்பையைப் பற்றியும் புல்லைப் பற்றியும் ஓயாமல் பேசினேன். ஊமையாகவே இருந்திருக்கலாம். பேச வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் சொல்வதற்குள் நீ போய்விட்டாய்.

நீ கையைத் திருப்பியதை நான் பார்த்தேன், மச்சான். பந்தை அடிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.