எட்டுக் கிலோ குறைய வேண்டும்

மஸ்கட்
12.2.1984

அன்புள்ள வசந்தாமணிக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நலம், கொஞ்சம் அதிகமாகவே நலம். அடுத்த மாதம் டிரைவர்களுக்கு மருத்துவச் சோதனை. அதற்குள் எட்டுக் கிலோ குறையாவிட்டால் ஊருக்கே அனுப்பிவிடுவார்களாம்.

எங்கள் இன்ஜினியர் வீட்டம்மா உடம்பு இளைப்பதற்கென்றே வரும் இங்கிலீஷ் பத்திரிகைகள் நான்கைக் கொடுத்தார். அரைகுறையாகத்தான் புரிகிறது. ஆனால் குண்டாக இருந்தவர்கள் இளைத்து நிற்கும் படங்களைப் பார்த்தால் நமக்கும் முடியுமென்று தோன்றுகிறது. அதிலுள்ள சமையல் குறிப்புப்படி ஒரு வாரமாக அவித்த முட்டைக்கோசும் முட்டையின் வெள்ளைக்கருவும்தான். என்னோடு தங்கியிருக்கும் மல்லசமுத்திரத்து அப்புசாமி, "மஞ்சக்கருவ வீசிப்போடாதீங்க, நானிருக்கறனுங்க" என்று தட்டை நீட்டுகிறான். நான் ஒன்றரைக் கிலோ இளைத்தேன். அவன் இரண்டு கிலோ ஏறிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை லாரியிலிருந்து இறங்கும்போது தலை சுற்றியது. சற்று உட்கார்ந்து எழுந்தேன், அவ்வளவுதான். இருப்புக்கொள்ளாமல் தினம் நாலு தடவை எடை மெஷினில் ஏறுகிறேன். முள் இறங்காவிட்டால் பயமாக இருக்கிறது. இறங்கினால், இப்போதைக்கு ஊருக்கு வர முடியாதே என்று மனசு சோர்ந்துபோகிறது.

யாராவது இங்கே வந்தால் இரண்டு படி கொள்ளு கொடுத்துவிடு. ஒல்லியாக இருந்தபோது எடுத்த படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டால் மனம் தளராதென்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. ஜேடர்பாளையம் அணையில் நாம் மூன்று பேரும் எடுத்த படம் பீரோவில் இருக்கும், அதை அனுப்பு.

வண்டி எடுக்கக் கூப்பிடுகிறார்கள். என் பக்கம் மட்டும் போதுமென்று படத்தைக் கத்தரித்துவிடாதே.

செங்கோட்டையன்