மருந்துத் தண்ணியில விட்ட மீன்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் சௌக்கியம், கடையில ஒரு தொட்டியைத் தவிர மத்த எல்லா மீனும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியான்னு எழுது.

அன்னைக்குப் போன்ல அழுதியே, போன தடவை அதே அளவு பூச்சிமருந்துல தாக்குப்பிடிச்ச மீன் இந்தத் தடவை கூண்டோட செத்துப்போச்சு, என் கைதான் சரியில்லை, ஆராய்ச்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டுக்கே வந்துடறேன்னு, அதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. இதுக்கு நடுவுல உங்க அப்பா பண்ண கூத்தைக் கேளு. கரப்பான் பூச்சியை ஒழிக்கிறேன்னு கடை பூரா புஸ்ஸு புஸ்ஸுன்னு மருந்து அடிச்சுத் தள்ளிட்டார், தொட்டியை மூடணும்னு தோணலை, மகா புத்திசாலி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தொட்டி, ஒரே ஜாதி மீன், ஒரே வயசு. காலையில பார்த்தா ஒண்ணுல பதினாலும் மிதக்குது, இன்னொண்ணுல எல்லாம் தீனிக்கு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. ராசியில்லாத தொட்டின்னுட்டார் அப்பா. அவர் பண்ணா ராசி, நான் பண்ணா கவனக்குறைவு! எனக்கு மனசு ஒப்பலை. யோசிச்சுப் பார்த்தா, செத்த அந்தத் தொட்டிக்கு மட்டும் முந்தின வாரம் மீன் மேல வந்த புண்ணுக்குக் கிருமியைக் கொல்ற மருந்து கலந்திருந்தேன். மீன் வயித்துல குடியிருக்கிற பாக்டீரியாதான் பாதி விஷத்தை உடைச்சுப் போடுதுன்னு நீதானே சொன்னே? நான் போட்ட மருந்து அதையும் சேர்த்துக் கொன்னிருக்குமோ?

இப்போ ஒரு தொழில் ரகசியம் சொல்றேன், அப்பாகிட்ட போட்டுக் கொடுத்துடாதே. வழியில சாகக் கூடாதுன்னு, வெளியே அனுப்புற மீனை ரெண்டு நாள் அதே கிருமி மருந்துத் தண்ணியில விட்டுத்தான் நாங்க அனுப்புவோம். வாங்குறவங்க கேட்டதும் இல்லை, நாங்க சொன்னதும் இல்லை. இந்தத் தடவை மீன் புதுக் கடையில வாங்கினதுன்னு சொன்னியே, அந்த ஆளைப் பிடிச்சு மருந்து போட்டீங்களான்னு நேரா கேளு. மழுப்பினா போட்டிருக்கான்னு அர்த்தம், நான் மழுப்பாததா! அப்புறம் மருந்து பட்டதையும் படாததையும் பக்கத்துல வச்சு நீயே பார்த்துடு. நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம், ஆனா விசாரிக்காம உன் கையைக் குறை சொல்லாதே.

நீ நல்லா இருப்பே, நினைச்சதை முடிப்பே. அந்த ஆள் என்ன சொன்னான்னு மறக்காம எனக்குப் போன் பண்ணு. ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்லிடறேன். நீ வந்துடறேன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள கொள்ளைச் சந்தோஷம், மறுநாளே உன் ரூம்ல கிடந்த கடைப் பெட்டியெல்லாம் வெளியே தள்ளி, மெத்தையை வெயில்ல காயப்போட்டேன். இன்னைக்கு அப்பாவைக் கூப்பிட்டு, பெட்டியை எல்லாம் மறுபடி உள்ளேயே அடுக்கச் சொல்லிட்டேன்.

உன் அம்மா