வாள் ஓடும்போது என்னைப் பார்க்காதீர்கள்

8.2.1937, திங்கள்
வழக்கம்போல் காலையில் மரம் அரியும் எங்கள் மரக்காலைக்குப் போனேன். என் கணவர் இறந்த இந்த இரண்டு வருடமும் ஒரு நாள் தவறியதில்லை. தங்கராசா வட்டவாளுக்கு முதிரை மரக் குற்றியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் வாசலில் கால் வைத்ததும் தலைச் சால்வையை உருவி இடுப்பில் கட்டப் போனான். மரியாதைக்குத்தான். முனை எஞ்சின் பெல்ட்டில் சிக்கிவிட்டது. சால்வையோடு அவனையும் — எஞ்சின்காரர் மஜீட் காக்கா தடியால் பெல்ட்டைத் தட்டிக் கழற்றியிராவிட்டால்?

முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. வாளுக்கும் கைக்கும் ஒரு சாண் இருக்கவில்லை.

"கிழிஞ்ச சால்வையோட நிக்கிறன், கோவிச்சுக்காதீங்க அம்மா" என்கிறான் அவன்!

9.2.1937
வாளடியில் இனிச் சால்வை கூடாது என்றேன்.

"சால்வ இல்லாம அம்மாக்கு முன்னால எப்பிடி நிக்கிற?" தங்கராசா முணுமுணுத்தான்.

பிறகு மஜீட் காக்கா தனியே வந்தார். "சால்வைய விட்டாலும் கை தலைக்குத்தான் போகும் அம்மா. நீங்க வந்தா அவனுகள்ற கண் வாள்ல இரிக்கிறதில்ல."

அவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். ஆபத்து நானா?

10.2.1937
போகவில்லை. கோபமா, வெட்கமா?

13.2.1937, சனி
பின்னேரம், எஞ்சினை நிறுத்திய பிறகு, எல்லாரையும் கூப்பிட்டேன். வாள் ஓடும்போது நான் வந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, கும்பிடக் கூடாது என்றேன்.

"அது மரியாதையில்லயே அம்மா" என்றான் ஒருவன்.

சொல்லிப் பயனில்லை, பழக்கத்தான் வேண்டும். குற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, வெளியே போய் உள்ளே வந்தேன். நாலு பேரின் கைகளும் வெறுந்தலைக்குப் போயின. மறுபடி போய் வந்தேன். மறுபடியும்.

"டேய், அம்மா இல்லடா, ஆடு வருதெண்டு நினைங்கடா!" என்ற மஜீட் காக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கும்தான்.

ஒன்பதாம் தரம் யாரும் திரும்பவில்லை. தங்கராசாவின் கழுத்து மட்டும் விறைத்திருந்தது.

15.2.1937, திங்கள்
எஞ்சின் சத்தத்துக்குள் போய் நின்றேன். ஒருவரும் திரும்பவில்லை. பிறந்ததிலிருந்து, நான் நுழைந்த இடத்தில் ஆட்கள் எழுந்து நிற்பதையே பார்த்தவள் நான். கொஞ்சம் — எழுதத்தான் வேண்டும் — நெஞ்சில் குத்தியது.

தங்கராசாவின் கைகள் நிதானமாகக் குற்றியைத் தள்ளின. கண் வாளை விட்டு அசையவில்லை. கடைசிப் பலகை விழும்வரை நானும் அசையவில்லை.

எஞ்சின் ஓய்ந்ததும் நெற்றியைத் துடைத்தபடி திரும்பினான்.

"எப்ப வந்தீங்க அம்மா?"

"இப்பதான்" என்றேன்.