எங்கள் கிணறு பட்டியலில் இல்லை

மே 14, 1959. வியாழன்

ஆமாம், வெயில் கடுமைதான். கத்திரி. ஆனால் தெரு முழுக்க ஏறி இறங்கியும் எனக்கு இன்று உறைக்கவில்லை.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து என்ஜினியர் வருகிறார். வடிகட்டும் தொட்டிக்கும் குழாய்க்கும் மானியம் கேட்டு அனுப்பிய மனு, மேஜை மேஜையாக நகர்ந்து, கடைசியில் ஒரு மனிதரை எழுப்பி அனுப்பியிருக்கிறது. எங்கள் தெருவில் ஆறு கிணறுகளில் தண்ணீர் எடுப்பார். கெட்டது என்று ருசுவானால் இந்த வருஷமே மானியம். நன்றாக இருந்தால் ஃபைலை மூடிவிடுவார்கள். வேறு ஊர் வாங்கிக்கொண்டு போகும்.

எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. முனிசிபல் ஆபீசில் ரசாயனம் படித்தவள் நான் ஒருத்தி. ஓவர்சியர் தங்கவேலு கூப்பிட்டுச் சொன்னார்: "வேதவல்லி, உங்க தெருதானேம்மா. நீங்களே வீடு வீடா சொல்லிட்டு வந்துடுங்க. கொல்லைக் கதவைப் பூட்டிக்கிட்டு எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பிடப் போறாங்க."

சொன்னேன். பெரிய அதிகாரி, உங்கள் கிணற்றைப் பார்க்கத்தான் வருகிறார் என்று. பக்கத்து வீட்டுக் கோமளம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெட்ராஸ்லேர்ந்தா? எங்காத்துக் கெணத்தைப் பாக்கவா?" சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

பட்டியல் நான் போட்டது. எங்கள் வீட்டைச் சேர்க்கவில்லை. ஆபீசில் வேலை செய்பவள் வீடு. பேச்சு வரக்கூடாது.

குடையை எங்கோ விட்டுவிட்டேன். பேனாவுக்கு மை வாங்க வேண்டும்.

மே 16. சனி

பாலத்தில் பஸ். கீழே காவிரி இல்லை. மணல், நடுவில் ஒரு கோடு தண்ணீர். அதில் எருமைகள். நான்கடி தள்ளி ஒருவர் பல் தேய்க்கிறார். இன்னும் நான்கடி தள்ளி ஒருத்தி குடத்தில் மொள்கிறாள்.

நான் படித்த கல்லூரிக்கு லீவு. புரொபசர் சோதனைச் சாலையில் ஒரு மேஜையும், உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டியும் தந்திருக்கிறார். இன்றும் நாளையும் இங்கேதான். ஜன்னலில் மலைக்கோட்டை, வெயிலில் வெளுத்து.

செய்ய வேண்டியவை: குழாய்கள் கழுவ. சர்க்கரைச் சாறு காய்ச்ச. பஞ்சு. லேபிள்.

எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். சாறுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் விரல் நீளத்தில் இன்னொரு குழாய், தலைகீழாக. மனிதக் குடலிலிருந்து வந்த கிருமி தண்ணீரில் இருந்தால் சர்க்கரையைத் தின்று காற்று விடும். சின்னக் குழாயின் உச்சியில் ஒரு குமிழி. கண்ணுக்குத் தெரியாத ஒன்று போடும் கையெழுத்து.

போன வைகாசியில் அம்மாவுக்கு டைபாய்டு. மூன்று வாரம். தலைமுடி கைப்பிடியாக வந்தது. "கல்யாண ஆத்துச் சாப்பாடு ஒத்துக்கலை" என்றாள். இன்று வரை அதையேதான் சொல்கிறாள். நான் மறுத்ததில்லை. ஏன் மறுக்கவில்லை?

மே 18. திங்கள்

எழுதவே கூச்சம். எழுதிவிடுகிறேன்.

என்ஜினியர் காலையிலேயே வந்துவிட்டார். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, அதிகம் பேசவில்லை. தெரு முழுக்கச் சாணம் தெளித்துக் கோலம். கிணற்றடிகளுக்குச் சுண்ணாம்பு. முதல் கிணறு, தண்ணீர் தெளிந்து அடி மண் தெரிகிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எட்டிப் பார்த்தேன். மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர்.

ஆறிலும் போட்டிருக்கிறார்கள். கோமளம் மாமி தலைமையில், மருந்துக் கடையிலிருந்து வரவழைத்து, நேற்று ராத்திரி. நான் பார்க்கவில்லை. கல்லூரியில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

மாமி வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். என்ஜினியர் குடித்தார். ஓவர்சியரைத் திரும்பிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. எங்க வீட்டுத் தண்ணியைவிட நல்லா இருக்கே. எதுக்கு ஸார் மானியம்?"

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் கோலத்தைப் பார்த்தேன்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் மாமியிடம் கேட்டேன். நியாயமாகத்தான் பதில் சொன்னாள். "பொண்ணு பாக்க வரான்னா மூஞ்சி அலம்பிப் பொட்டு வைக்க மாட்டாளா? நீதானேடி பெரிய அதிகாரின்னே? அழுக்கு ஜலத்தையா காட்டுவா? இதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போறது, உன்னை யாரும் பாக்க வரவே நீ விடறதில்லையே."

ஆபீசில் ஓவர்சியருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் கஷ்டம். "என்னம்மா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"அதிகாரி வராருன்னு சொன்னேன்."

"அப்ப வேறென்ன செய்வாங்க. எங்க வீட்லயும் அதான் செஞ்சிருப்பாங்க."

பகல். சாப்பாடு. அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, "கோமளம் இங்கேயும் வந்தா, பொடியைத் தூக்கிண்டு. பெருமாள் தீர்த்தத்துல மருந்தைக் கொட்டறதாவதுன்னு அனுப்பிச்சுட்டேன்" என்றாள்.

கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

எங்கள் கிணறு. பட்டியலில் இல்லாத கிணறு. பேச்சு வரும் என்பதற்காக விட்டேனாம். பொய். பார்க்கப் பயந்தேன். அதை இங்கேயாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாலை, பயணியர் பங்களா. ஓவர்சியரும் கூட வந்தார். ஆறு கிணற்றுத் தண்ணீரிலும் அயோடைடும் கஞ்சியும் சேர்த்து எடுத்துப் போயிருந்தேன். பிளீச்சிங் இருந்தால் நீலமாகும். ஆறும் நீலம். வரிசையாக மேஜைமேல் வைத்தேன்.

என்ஜினியர் வெகு நேரம் பார்த்தார். சிரித்தார். "கிணத்துல எதையும் போடாதீங்கன்னு சொல்லத் தோணலையா?"

"தோணலை, ஸார்."

"மருந்து அடங்க நாலஞ்சு நாளாகும். வியாழக்கிழமை எனக்கு ரயில். போடாத கிணறு ஒண்ணாவது இருக்கா?"

"இருக்கு. எங்க வீட்ல."

சொல்லிவிட்டேன். 

மே 19. செவ்வாய்

காலை ஆறு மணி. கொஞ்சம் காற்று.

அம்மா சம்மதித்ததற்குக் காரணம் வேறு. ஜெயிப்போம் என்று நினைக்கிறாள். "வரட்டும். நம்மாத்துத் தீர்த்தம் எப்படின்னு அவரும் எழுதிண்டு போகட்டும்." நிபந்தனை: நானோ அவரோ கிணற்றைத் தொடக்கூடாது. குளித்து, மடியாக, அவளே எடுப்பாள்.

என்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டி நின்றார். பாட்டிலை மடிக்காக வைக்கோல்மேல் வைத்தேன். அம்மா குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

"இதுல முன்னாடி என்ன இருந்தது?"

"ஒண்ணுமில்லைம்மா. ரெண்டு மணி நேரம் சூட்டுல வெச்சு எடுத்தது."

"சுட்டதுதானே? அப்போ சரி."

என்ஜினியர் என்னைப் பார்த்தார். பரீட்சைக்கு நான் உருப்போட்டதை அம்மா மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஈரப் புடவை, புதுக் கயிறு. பாட்டில் இறங்கியது. கூடவே நானும் இறங்கியது போல இருந்தது. கிணற்றிலிருந்து கக்கூஸுக்குப் பதினான்கு அடி. இன்றுதான் காலால் அளந்தேன். இத்தனை வருஷம் நடந்த பதினான்கு அடி.

கல்லூரியில் ஐந்து குழாய்கள். ஒவ்வொன்றிலும் என்ஜினியர் இனிஷியல் போட்டார். பெட்டிக் கதவைச் சாத்தினேன்.

வேறு வேலை ஓடவில்லை. மை வாங்கினேன். பஸ்ஸில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "சொல்லாமயே வந்துட்டா, வீடு கெடந்த கெடப்பு." எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

மே 20. புதன்

ஐந்திலும் குமிழி.

புரொபசர் முன்னால் குதித்தேனா? குதித்திருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஐந்திலும்! ஒவ்வொரு சின்னக் குழாயின் உச்சியிலும் கடுகளவு, மிளகளவு, ஒன்றில் பாதிக் குழாய். வெளிச்சத்தில் முத்து மாதிரி.

என்ஜினியர் வந்து பார்த்து, "இதுதான் எனக்கு வேணும். இதோட அந்த ஆறு நீலத்தையும் ஏன்னு விளக்கி எழுதிடறேன்" என்றார். ஓவர்சியர் வெளியே போய் ஒரு சோடா குடித்துவிட்டு வந்தார்.

அப்புறம்தான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் குடித்த தண்ணீர். அம்மாவின் ஜுரம். அதைப் பார்த்துத்தான் குதித்திருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. ஆனால் உற்சாகம் குறையவில்லை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடிகிறது. இதற்கு ஒரு சொல் இருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

அறிக்கையில் வீட்டு எண் கேட்டார். எழுதினேன். 

அம்மாவிடம் சொன்னேன். பூ தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சுலயுமா?"

"அஞ்சுலயும்."

நார் கையிலேயே நின்றது. "போன வருஷம் எனக்கு வந்தது?"

"இதனாலதான் இருக்கும்மா."

 பிறகு என்னிடம் இல்லை, பூஜை அலமாரியில் பெருமாளைப் பார்த்து: "இதைத்தானே உனக்கும் தினம் சமர்ப்பிச்சுண்டிருந்தேன்."

இதற்கு என்னிடம் சோதனை இல்லை.

மே 21. வியாழன்

காலை, புழுக்கம். ஒரு தூறல் விழுந்து நின்றது.

ஜங்ஷனுக்கு ஓவர்சியரோடு போனேன். என்ஜினியர் ஜன்னலோரம். "உறுதி சொல்ல நான் யாரும்மா? ஆனா பலமா சிபாரிசு பண்ணியிருக்கேன். அடுத்த தடவை சொல்லாம வருவேன்." வண்டி நகர்ந்ததும் ஓவர்சியர் என்னிடம், "கெடைச்சுடும்மா" என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கோமளம் மாமி வாசலில் வழிமறித்தாள். "உங்காத்துக் கெணறுதான் ரிப்போர்ட்ல போறதாமே?" பொறாமை. சத்தியமாகப் பொறாமை.

அம்மா காலையிலிருந்து கிணற்றடிக்குப் போகவில்லை. பூஜைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டாள்: "சுட வெச்சா அது போயிடுமா?"

"போயிடும்."

"நீ ஸ்நானம் பண்ணிட்டு வா."

குளித்தேன். மடிப்புடவை கட்டிக்கொண்டேன். தண்ணீர் இறைத்து, கொதிக்கவைத்து, ஆறவிட்டுப் பெருமாளின் தீர்த்த வட்டிலில் ஊற்றினேன்.