கட்டைவிரலில் ஓர் ஊசி

அண்ணா,

உன் இருமல் எப்படி இருக்கிறது?

ஐந்து நாடுகளைச் சேர்ந்த மருத்துவர்கள் ஒன்றாக நடத்தும் முதுகுத்தண்டு மருந்து ஆய்வில் போன வருடம் என்னைச் சேர்த்த அன்று, கண்ணை மூடச் சொல்லிக் கால் விரல்களில் ஊசியால் குத்தினார்கள். "தெரியுதா?" என்று டாக்டர் கேட்கக் கேட்க, "தெரியல" என்றே சொன்னேன். உன்னால் தாங்க முடியவில்லை. விபத்து நடந்தபோது வண்டி ஓட்டியவன் நீயாயிற்றே. ஊசி கட்டைவிரலைத் தொட்டதும் இருமிக் காட்டினாய். உனக்காக, "தெரியுது" என்றேன். எழுதிக்கொண்டார்கள். "தம்பிக்கு உணர்ச்சி வந்துடுச்சு!" என்று ஊரெல்லாம் போன் போட்டாய்.

நேற்று மறுபடியும் குத்தினார்கள். நீ இல்லை, யாரும் இருமவில்லை. கட்டைவிரலில் சுருக்கென்றது. நிஜமாகவே, அண்ணா. கத்தியே விட்டேன்.

டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். "இது மொதல்லயே இருந்துச்சே!" என்று சொல்லி, 'மாற்றம் இல்லை' என்று எழுதினார். மாற்றம் இல்லாதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து மருந்து கிடையாது. அன்று சொன்னது பொய் என்றேன்.

"அப்போ இன்னைக்குச் சொல்றத மட்டும் எப்படிப்பா நம்புறது?" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமலுக்கு மருந்து சாப்பிடு. உன்னுடையது எந்தக் கடையிலும் கிடைக்கும்.

உன் தம்பி