கட்டையன் ஆட்களின் காலைக் கட்டிக்கொள்வது குறித்து

அனுப்புநர்
பி. பானுப்பிரியா, பி.எஸ்சி.,
க/பெ. பிரபாகரன்,
கிழக்குத் தெரு, ஆமத்தூர்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை,
விருதுநகர்.

பொருள்: வளர்ப்பு நாய் ஆட்களின் காலில் ஏறுவது – அதனைத் திருத்துவதாக எண்ணி வீட்டார் வெடிச் சத்தத்தில் கட்டிப்போடுவது – நாயைப் பரிசோதித்து எழுத்துமூலம் அறிவுரை வழங்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். பிள்ளை தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எழுதக் கூச்சமான விஷயம். ஒரு தாளைக் கிழித்தும் போட்டுவிட்டேன்.

1. எங்கள் வீட்டில் கட்டையன் என்ற ஆண் நாய் உள்ளது. நாட்டு நாய், வயது இரண்டு. வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம். யாரையும் கடித்ததில்லை. ஆனால் சில மாதங்களாக வீட்டுக்கு வருகிறவர்களின் காலை முன்னங்கால்களால் கட்டிக்கொண்டு, பெண் நாயிடம் நடப்பதுபோல் நடந்துகொள்கிறது. ஆள் இல்லாவிட்டால் தலையணை, அரிசிச் சாக்கு. அதட்டினால் இன்னும் கூடுகிறது.

2. சென்ற மாதம் என் நாத்தனார் பொன்னுத்தங்கத்தைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் காபி டம்ளரைக் கையில் வாங்கிய நேரம், கட்டையன் அவர் காலைப் பிடித்துக்கொண்டது. அவர் உதற உதற விடவில்லை. வேட்டி அவிழாத குறை. "நல்லாத்தான் வளர்த்திருக்கீக" என்று எழுந்து போனவர்கள்தான், இன்றுவரை தகவல் இல்லை. "ஒங்க நாய் இருக்கிற வரைக்கும் எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடக்காது மதினி" என்று சொன்ன நாத்தனார், அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

3. கால்நடை மருந்தகம் ஒன்றுக்கு நாயை ஆட்டோவில் கொண்டுபோனேன். மருத்துவர் மாடுகளுக்கு ஊசி போட வெளியே போயிருந்தார். அங்கிருந்த ஒருவர், "இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? ஒரு சோடி சேர்த்து விடுங்கம்மா" என்றார். ஆட்டோக்காரர் முதற்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள்மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் மறுபடி அங்கே போகக் கால் வரவில்லை.

4. நான் கவனித்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் பட்டாசுக் கம்பெனிகள் சாயங்காலம் சாம்பிள் வெடித்துப் பார்க்கின்றன. சீசன் நெருங்குவதால் இப்போது அன்றாடம். முதல் வெடிக்கே கட்டையன் கட்டிலுக்கு அடியில் போய்விடும். உடம்பெல்லாம் நடுங்கி எச்சில் ஒழுகும். சத்தம் ஓய்ந்து வெளியே வந்ததும்தான் காலைத் தேடுகிறது. மழையால் வெடிக்காத நாட்களில் அது ஒருவர் காலையும் தொட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்றும் சாம்பிள் போட்டார்கள். எனக்கு இது காமமாகத் தெரியவில்லை. பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் செய்வதாகவே தெரிகிறது. நான் படித்தது வேதியியல், விலங்கியல் அல்ல. அதனால்தான் தங்களைக் கேட்கிறேன்.

5. எங்கள் பக்கத்தில் சத்தத்துக்குப் பயம் என்றால் யாருக்கும் விளங்குவதில்லை. தொட்டில் பிள்ளைகூட அழாது என்பார்கள். என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்; நல்ல மனிதர். நாய்க்குத் திமிர், சத்தத்தில் நின்றால் பழகி அடங்கிவிடும் என்று, சில நாட்களாகச் சாம்பிள் போடும் நேரத்தில் அதைப் பொட்டலில் கருவேல மரத்தில் கட்டிப்போடுகிறார். அவிழ்த்து வந்த பிறகு முன்பைவிட மோசம். இழுத்து இழுத்துக் கயிறு கழுத்தைப் புண்ணாக்கிவிட்டது. லோடு வண்டி ஓட்டும் அவருடைய அண்ணன் சீனிச்சாமியோ, ஞாயிற்றுக்கிழமைக்குள் திருந்தாவிட்டால் வடக்கே போகிற லோடோடு ஏற்றி எங்காவது இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

6. இதை இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. என் மகள் வேல்விழிக்கு நாலு வயது. அவளுக்கும் வெடிச் சத்தம் ஆகாது. அதே கட்டிலுக்கு அடியில் நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் கிடப்பாள். இப்போது நாய் பொட்டலில் நிற்பதால் தனியாகக் கிடக்கிறாள். நேற்றுச் சாப்பிடும்போது என் கணவர், "நாய் முடியட்டும், அடுத்து ஒன்னையத்தான் பொட்டலுக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்று அவளிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிள்ளை சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். எனக்கு அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஆகவே, கட்டையனைப் பரிசோதித்து, கருத்தடை அறுவை தேவையென்றால் செய்து தருமாறு வேண்டுகிறேன். பயந்த உயிரைச் சத்தத்தில் கட்டிவைத்தால் பயம் தெளியாது, கூடத்தான் செய்யும் என்று நான் நினைப்பது சரியானால், அதை அலுவலக முத்திரையுடன் இரண்டு வரி எழுதித் தாருங்கள். நான் சொன்னால் பொம்பளை பேச்சு என்று போய்விடுகிறது. முத்திரை வைத்த தாளை என் கணவர் மதிப்பார். நாயைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். பிள்ளைக்கும் அதுதான் என்று நான் எடுத்துச் சொல்லிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் என் கைக்குக் கிடைக்கும்படி விரைவில் பதில் எழுதுங்கள் ஐயா.

நாள்: 14.07.2025
இடம்: ஆமத்தூர்

இப்படிக்கு,
பி. பானுப்பிரியா